மழுப்பல் பதில்

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் என்று ஒன்று இருக்கிறது. ஜனாதிபதி இருக்கும் வாஷிங்டன் நகரம் வேறு. இந்த மாநிலம் நாட்டின் மேற்குக் கோடியில், பசிபிக் கடலை ஒட்டி இருக்கிறது.

அங்கே 1986-ம் ஆண்டு ஜனவரி மாதம், இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு வலிப்பு வந்தது. வலிப்பு நின்றது. ஆனால் குழந்தையின் மூளை கெட்டுவிட்டது. இனி அது சரியாகாது என்று சொல்லிவிட்டார்கள்.

குழந்தைக்கு ஆஸ்துமா. அதற்காக டாக்டர் "தியோபிலின்" என்ற மருந்தைச் சிரப்பாகக் கொடுத்திருந்தார். அந்தச் சமயம் குழந்தைக்கு வைரஸ் காய்ச்சலும் வந்தது. வைரஸ் காய்ச்சல் இருக்கும்போது இந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது. உள்ளேயே தங்கும். தங்கித் தங்கி நஞ்சாகும். இதுதான் நடந்தது.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். டாக்டர் மீதும் போட்டார்கள். மருந்து விற்ற "பைசன்ஸ்" கம்பெனி மீதும் போட்டார்கள். டாக்டர், "இந்த ஆபத்து எனக்குத் தெரியாது. கம்பெனி எனக்கு எச்சரிக்கை செய்யவில்லை" என்றார். கம்பெனி, "டாக்டரின் தவறு" என்றது.

யார் சொல்வது உண்மை? கம்பெனிக்கு அந்த ஆபத்து முன்பே தெரியுமா, தெரியாதா? அது கம்பெனியின் அலமாரியில் இருக்கும் காகிதங்களுக்குத்தான் தெரியும்.

கேட்டால் காட்ட வேண்டும்

சிவில் வழக்கில் இதற்கு ஒரு வழி உண்டு. விசாரணை தொடங்கும் முன்பே ஒரு கட்சிக்காரர் மற்றவரிடம், "இன்னின்ன கேள்விக்குச் சத்தியம் செய்து எழுத்தில் பதில் சொல்லு. உன்னிடம் இருக்கும் இன்னின்ன காகிதங்களைக் காட்டு" என்று கேட்கலாம். இதை ஆங்கிலத்தில் "டிஸ்கவரி" என்கிறார்கள். மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவது என்று பொருள்.

வாஷிங்டன் மாநிலத்திலும் அப்படியே கேட்டார்கள். "குழந்தைகளுக்குத் தியோபிலின் நஞ்சாவது பற்றி நீங்கள் டாக்டர்களுக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் கொடுங்கள்" என்று கேட்டார்கள். இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது.

கம்பெனி என்ன பதில் சொன்னது? "சோமோபிலின் சிரப்பு சம்பந்தமாக அப்படிக் கடிதம் ஏதாவது இருந்தால், வசதியான நேரத்தில், வசதியான இடத்தில் தரப்படும்" என்று சொன்னது.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல பதில் போலத் தெரியும். மறுபடியும் படித்தால் சூது தெரியும். கேட்டது தியோபிலினைப் பற்றி. பதில் சொன்னது சோமோபிலினைப் பற்றி. தியோபிலின் என்பது மருந்தின் பெயர். சோமோபிலின் என்பது அந்த மருந்தை விற்ற கம்பெனி போட்ட வியாபாரப் பெயர். அரிசி இருக்கிறதா என்று கேட்டவரிடம், "பொன்னி இருந்தால் தருகிறேன்" என்று சொன்ன கதைதான் இது.

வழக்கு நான்கு ஆண்டு நடந்தது. கடிதம் வரவில்லை. 1989 ஜனவரியில் டாக்டரும் பெற்றோரும் சமரசம் செய்துகொண்டார்கள். கம்பெனி மட்டும் வழக்கில் நின்றது.

1990 மார்ச் மாதம் டாக்டரின் வக்கீலுக்கு ஒரு கடிதத்தின் நகல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அது 1981 ஜூன் 30-ந் தேதி கம்பெனி எழுதிய கடிதம். செல்வாக்குள்ள சில டாக்டர்களுக்கு மட்டும் அனுப்பியது. வைரஸ் காய்ச்சல் உள்ள குழந்தைகளுக்குத் தியோபிலின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று அதில் எழுதியிருந்தது.

குழந்தைக்கு வலிப்பு வந்தது 1986-ல். கடிதம் எழுதியது 1981-ல். நாலரை ஆண்டுக்கு முன்பே கம்பெனிக்கு ஆபத்து தெரியும். அந்தக் குழந்தைக்கு மருந்து கொடுத்த டாக்டருக்கு அந்தக் கடிதம் வரவில்லை.

கடிதம் வெளியே வந்த அடுத்த மாதமே கம்பெனி பெற்றோருடன் சமரசத்துக்கு வந்தது. 69 லட்சம் டாலர் கொடுத்தது. ஜூலை மாதம் இன்னொரு காகிதமும் வெளியே வந்தது. அது கம்பெனிக்குள் 1985-ல் எழுதிய குறிப்பு. தியோபிலின் நஞ்சான செய்திகள் மருத்துவப் பத்திரிகைகளில் மிகவும் பெருகிவிட்டன என்று அதில் இருந்தது.

பெட்டி மாறிய காகிதம்

கம்பெனி என்ன சமாதானம் சொன்னது தெரியுமா? "அந்தக் கடிதம் சோமோபிலின் பைலில் இல்லை. இன்டால் பைலில் இருந்தது" என்றது.

இன்டால் என்பது அதே கம்பெனி விற்ற இன்னொரு ஆஸ்துமா மருந்து. "தியோபிலினில் ஆபத்து இருக்கிறது, ஆகவே இன்டாலை வாங்குங்கள்" என்று விளம்பரம் செய்வதற்காகத்தான் அந்தக் கடிதத்தை எழுதினார்களாம். ஆகவே அது இன்டால் பைலில் இருந்ததாம். கேட்டவர்கள் இன்டால் பைலைக் கேட்கவில்லையாம்.

ஒரு மருந்தை விற்கும்போது மற்ற மருந்தின் ஆபத்தைச் சொன்னார்கள். அந்த மற்ற மருந்தையும் அவர்களே விற்றார்கள். ஒரு குழந்தையின் வாழ்க்கை பைலின் அட்டையில் எழுதிய பெயரில் சிக்கிக்கொண்டது.

கடிதத்தை மறைத்ததற்குத் தண்டனை வேண்டும் என்று டாக்டர் தரப்பு கேட்டது. விசாரணை நீதிபதி மறுத்துவிட்டார். "இந்த ஊர் வக்கீல்கள் எல்லோரும் இப்படித்தான் பதில் எழுதுவார்கள், இதில் தவறு இல்லை" என்று கம்பெனிக்காக அனுபவமுள்ள வக்கீல்கள் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள்.

வழக்கு மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1993 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. "ஊர் வக்கீல்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்பது அளவுகோல் அல்ல. விதி எதற்காக இருக்கிறதோ அதுதான் அளவுகோல்" என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பதில்கள் கேட்டவரைத் திசை திருப்பியவை, தண்டனை விதித்தே ஆகவேண்டும் என்று சொல்லி வழக்கைக் கீழ்க் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1994-ல் கம்பெனியும் அதன் வக்கீல்களும் 3,25,000 டாலர் கட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

நல்ல தீர்ப்புதான். ஆனால் பெயர் போடாத அந்த உறை வந்திராவிட்டால்? யாரோ ஒருவருக்கு மனச்சாட்சி உறுத்தியது. தபாலில் போட்டார். எல்லா வழக்கிலும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? கிடைக்கமாட்டார். ஆகவே மழுப்பல் பதில் வந்த அன்றே அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற வழி நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. அது இருப்பது வழக்காடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த வக்கீல்களிலும் பலர் அதைத் தொடுவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பதினோராவது கட்டளை

1908-ம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதில் "ஆர்டர் 11" என்று ஒரு பகுதி உண்டு. முன்சீப் கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு முதல் பெரிய வழக்கு வரை அது செல்லும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். அப்பா இறந்துவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வீடு, நாலு ஏக்கர் நஞ்சை, பாங்கியில் கொஞ்சம் பணம். எல்லாம் அண்ணன் கையில். தங்கை பங்கு கேட்டாள். அண்ணன், "அப்பா எல்லாவற்றையும் எனக்கே உயில் எழுதிவிட்டார்" என்றான். தங்கை வழக்குப் போட்டாள்.

இங்கே எல்லாக் காகிதமும் அண்ணனிடம் இருக்கிறது. தங்கையிடம் ஒன்றும் இல்லை. பாங்கிப் பாஸ்புத்தகம் அவனிடம். குத்தகைக் கணக்கு அவனிடம். உயில் அவனிடம். ஊமையன் கண்ட கனவுபோல, அவளுக்குத் தெரிந்தது எல்லாம் அவள் மனதுக்குள்தான்.

ஆர்டர் 11 அவளுக்காகத்தான் இருக்கிறது. கோர்ட்டின் அனுமதி பெற்று அவள் அண்ணனுக்கு எழுத்தில் கேள்வி அனுப்பலாம். அந்த மனுவைக் கோர்ட்டு ஏழு நாளில் முடிவு செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது. கோர்ட்டு வேறு கெடு கொடுக்காவிட்டால், அண்ணன் பத்து நாளில் பதில் தர வேண்டும். சும்மா கடிதமாக அல்ல. சத்தியம் செய்து, பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். பொய் சொன்னால் பொய்ச் சாட்சியம் சொன்ன குற்றம் வரும்.

தங்கை கேட்கிறாள்: "அப்பா இறந்த தேதியில் அவருடைய பாங்கிக் கணக்கில் எவ்வளவு ரூபாய் இருந்தது? அதற்குப் பிறகு யார், எந்தத் தேதியில், எவ்வளவு எடுத்தார்கள்?"

அண்ணன் எழுதுகிறான்: "எனக்கு நினைவு இருக்கும் வரையில், குடும்பத்தின் அவசியச் செலவுகளுக்காக மட்டுமே பணம் எடுக்கப்பட்டது."

தங்கை தாளைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் கேட்கிறாள்: "ஐயா, இது பதிலா?"

"பதில்தான் அம்மா. ஆனால் அதில் பதில் இல்லை."

எவ்வளவு என்று கேட்டாள். தொகை இல்லை. யார் என்று கேட்டாள். "எடுக்கப்பட்டது" என்று இருக்கிறது. எடுத்தது யார் என்று இல்லை. எந்தத் தேதி என்று கேட்டாள். தேதி இல்லை. கேட்காததற்கு மட்டும் பதில் இருக்கிறது. எதற்காக எடுத்தாய் என்று அவள் கேட்கவே இல்லை.

மழுப்பல் பதிலைக் கண்டுபிடிக்கிற வித்தை இவ்வளவுதான். கேள்வியை இந்தப் பக்கம் வைத்து, பதிலை அந்தப் பக்கம் வைத்து, வார்த்தைக்கு வார்த்தை பார்க்க வேண்டும். புதிதாக எழுத்துக் கற்றவர்கூட இதைச் செய்யலாம். பள்ளிக்கூடப் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் திருத்துகிற வேலைதான். "நினைவு இருக்கும் வரையில்", "இருந்தால்", "தேவையான அளவில்", "உரிய நேரத்தில்" என்ற சொற்கள் வரும் இடங்களில் சிவப்பு மசியால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். உண்மை பெரும்பாலும் அந்தச் சொற்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

அடுத்த படி என்ன?

இங்கேதான் பல வழக்குகள் படுத்துவிடுகின்றன. "பதில் கிடைத்துவிட்டது" என்று வக்கீல் குமாஸ்தா தாளைக் கட்டில் சேர்த்துவிடுவார். விசாரணையில் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்வார். விசாரணை வருவதற்கு ஐந்து ஆண்டு ஆகும். அதற்குள் பாங்கிக் கணக்கு மூடப்பட்டிருக்கும். நிலம் கைமாறியிருக்கும்.

சட்டம் அப்படி உட்காரச் சொல்லவில்லை. ஆர்டர் 11-ல் பதினோராவது விதி என்ன சொல்கிறது? ஒருவர் பதில் சொல்லாமல் விட்டாலும், போதாத பதில் சொன்னாலும், மேலும் பதில் சொல்லும்படி கோர்ட்டு உத்தரவு போடலாம். எழுத்தில் சொல்லச் சொல்லலாம். நேரில் கூண்டில் ஏற்றி வாயால் சொல்லவும் சொல்லலாம். வாயால் சொல்ல வேண்டும் என்றால் வக்கீல் எழுதிக் கொடுத்த அழகான வாக்கியம் உதவாது. பல அண்ணன்களுக்கு இந்த விதி இருப்பது தெரிந்தால் முதல் பதிலே ஒழுங்காக வரும்.

மனுப் போடும் முன்பு எதிர்க் கட்சி வக்கீலுக்கு ஒரு கடிதம் எழுதுவது நல்லது. கோபம் வேண்டாம். "மூன்றாவது கேள்விக்குத் தொகை இல்லை. நாலாவது கேள்விக்குத் தேதி இல்லை. இத்தனை நாளில் தாருங்கள்" என்று எழுதினால் போதும். அமெரிக்கக் கூட்டாட்சிக் கோர்ட்டுகளில் இப்படிப் பேசிப் பார்த்த பிறகுதான் மனுப் போடலாம். அங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. மழுப்பலான பதிலும் அரைகுறைப் பதிலும் பதிலே சொல்லாததற்குச் சமம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் இவ்வளவு பச்சையாக இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும்.

கடிதத்துக்குப் பதில் வந்தால் செலவு மிச்சம். வராவிட்டால் அந்தக் கடிதமே மனுவுக்குச் சாட்சி. மனுவில் வளவள என்று எழுதாமல், கேள்வி, பதில், குறை என்று மூன்றும் அடுத்தடுத்து இருக்கும்படி எழுதினால் நீதிபதி ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். ஒரு நாளில் எத்தனையோ வழக்குகளைப் பார்க்கும் நீதிபதிக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும்.

கேள்வி மட்டும் அல்ல, காகிதமும் கேட்கலாம். "வழக்கு சம்பந்தமாக உன்னிடம் இருக்கும், இருந்த தஸ்தாவேஜுகள் எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொல்லு" என்று கேட்க விதி உண்டு. இருந்தது என்ற சொல் முக்கியம். "இப்போது என்னிடம் இல்லை" என்று அண்ணன் நழுவினால், "முன்பு இருந்ததா? யாரிடம் கொடுத்தாய்?" என்று சட்டமே கேட்கிறது.

இன்னொரு நல்ல விதி. அண்ணன் தன் பதில் மனுவில் உயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் அதைக் காட்டு என்று தங்கை நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கொடுத்தும் காட்டாவிட்டால், தகுந்த காரணம் சொல்லிக் கோர்ட்டைத் திருப்தி செய்தால் ஒழிய, பிறகு அதே உயிலைத் தனக்குச் சாதகமாகச் சாட்சியத்தில் கொண்டுவர அவனுக்கு உரிமை இல்லை. மடியில் ஒளித்த காய் விளையாட்டில் செல்லாது.

வாயை மூடினால் வழக்கும் போகும்

கோர்ட்டு உத்தரவு போட்டும் ஒருவர் பதில் சொல்லவில்லை என்றால்? அதற்கு இருபத்தோராவது விதி இருக்கிறது. வாதி அப்படிச் செய்தால் அவர் வழக்கையே தள்ளிவிடலாம். பிரதிவாதி அப்படிச் செய்தால் அவருடைய எதிர்வாதத்தை அடித்துவிடலாம். அவர் பதில் மனுவே தாக்கல் செய்யாதவர்போல ஆகிவிடுவார். அதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இது கடுமையான ஆயுதம். ஆகவே சுப்ரீம் கோர்ட்டு 1978-ல் ஒரு வழக்கில் எச்சரிக்கை செய்தது. வேண்டும் என்றே, கோர்ட்டை மதிக்காமல் நடந்தவர் மீதுதான் இதைப் பிரயோகிக்க வேண்டும், தெரியாமல் தாமதித்தவர் மீது அல்ல என்றது. அது நியாயம். வயதான விவசாயி ஒருவர் வாய்தாவை மறந்தார் என்பதற்காக அவர் நிலத்தைப் பறிக்கக் கூடாது.

ஆனால் இந்தத் தீர்ப்பைப் பலர் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்கள். "எதிர்வாதத்தை அடிக்கமாட்டார்கள், கவலை வேண்டாம்" என்று தைரியம் வந்துவிட்டது. பெரிய தண்டனை கூடாது என்றால் சிறிய தண்டனையும் கூடாது என்று பொருள் அல்ல. ஒவ்வொரு மழுப்பலுக்கும் செலவுத் தொகை போடலாம். தாமதித்த ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிர்க் கட்சியின் பஸ் செலவையும் கூலி நஷ்டத்தையும் கட்டச் சொல்லலாம். தஞ்சாவூர்க் கோர்ட்டுக்குத் திருப்பூரிலிருந்து வந்து போகும் தங்கைக்கு அது பெரிய தொகை. ஒரு நாள் பனியன் கம்பெனிக் கூலி போனால் அந்த வாரம் அரிசிக்குத் தட்டும். நீதிபதிகள் இந்தச் செலவைப் போடத் தயங்குகிறார்கள். தயங்கக் கூடாது.

மறைத்தவருக்கு எதிராக முடிவு கட்டும் வழியும் இருக்கிறது. தன்னிடம் இருக்கும் காகிதத்தைக் காட்டாதவர், காட்டினால் தனக்குப் பாதகம் என்றுதான் காட்டவில்லை என்று கோர்ட்டு கருதலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 114-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இது இருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு எதிர்க் கட்சியினுடையது என்று சொல்லி நல்ல சாட்சியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று 1968-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

அதே 1993

வாஷிங்டன் மாநிலத் தீர்ப்பு வந்தது 1993 செப்டம்பரில். அடுத்த மாதம், அக்டோபர் 27-ந் தேதி, டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்பு சொன்னது. அது சென்னை ஹைக்கோர்ட்டிலிருந்து போன பாகப்பிரிவினை வழக்கு.

ஒருவர் தம் முதலாளிக்காகக் கோர்ட்டு ஏலத்தில் சொத்து எடுத்தார். 1945-ல் அந்தச் சொத்தில் தமக்கு உரிமை இல்லை என்று முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பத்திரம் பதிவும் ஆயிற்று. பிறகு அதை வெளியே சொல்லாமல், சொத்தில் தமக்குப் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார். முதல்நிலைத் தீர்ப்பும் வாங்கிவிட்டார். பின்னால்தான் பத்திரம் வெளியே வந்தது.

சென்னை ஹைக்கோர்ட்டு, "தனக்கு எதிரான பத்திரத்தைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற கடமை ஒருவருக்கு இல்லை" என்ற பக்கம் நின்றது. சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. கோர்ட்டுக்கு வருகிறவர், வழக்குக்குச் சம்பந்தமுள்ள தம் பத்திரங்களை எல்லாம் காட்டியாக வேண்டும், மறைப்பது எதிர்க் கட்சியை மட்டும் அல்ல, கோர்ட்டையே ஏமாற்றுவது என்று சொன்னது. அப்படி வாங்கிய தீர்ப்பு செல்லாக் காசு என்று தள்ளியது.

பத்திரம் எழுதியது 1945-ல். சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு 1993-ல். நாற்பத்தெட்டு ஆண்டு. பத்திரம் எழுதிய நாளில் பிறந்த குழந்தைக்குப் பேரப்பிள்ளை வந்திருக்கும்.

மறுபக்கமும் உண்டு

கேள்வி கேட்கும் உரிமையைக் கெட்ட காரியத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அதையும் சொல்ல வேண்டும். எதிர்க் கட்சியைக் களைக்க வைப்பதற்காக நூறு கேள்வி அனுப்புகிறவர் உண்டு. வழக்குக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இருக்காது. "உன் மருமகளின் நகை எவ்வளவு? உன் மகன் எங்கே சீட்டுக் கட்டுகிறான்?" என்று கேட்பார்கள். குளத்தில் வலை வீசிப் பார்க்கலாம், ஏதாவது மீன் விழும் என்ற எண்ணம்.

இதற்கும் விதி இருக்கிறது. சம்பந்தம் இல்லாத கேள்விக்கும், அவமானப்படுத்துகிற கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று காரணம் காட்டி மறுக்கலாம். வீண் கேள்வி கேட்டவரே செலவைக் கட்ட வேண்டும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடந்த ரகசியப் பேச்சை யாரும் கேட்க முடியாது. "இது ரகசியக் காகிதம்" என்று ஒருவர் சொன்னால் அது உண்மைதானா என்று நீதிபதியே வாங்கிப் பார்க்கலாம்.

மறுப்பது வேறு, மழுப்புவது வேறு. "இந்தக் கேள்விக்கு இன்ன காரணத்தால் பதில் சொல்லமாட்டேன்" என்று நேராகச் சொல்கிறவன் நேர்மையாளன். கோர்ட்டு அவன் சொல்வது சரியா என்று பார்க்கும். பதில் சொன்னதுபோலக் காட்டி, சொல்லாமல் விடுகிறவன்தான் ஆபத்தானவன். அவன் பதில் வந்துவிட்டது என்று நினைத்து எதிர்க் கட்சி தூங்கிவிடும்.

வியாபாரிக்கு ஒரு நீதியா?

2015-ல் வணிகக் கோர்ட்டுச் சட்டம் வந்தது. 2018-ல் அதைத் திருத்தினார்கள். மூன்று லட்ச ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வியாபார வழக்குகள் அந்தக் கோர்ட்டுக்குப் போகும். அங்கே ஆர்டர் 11-ஐ மாற்றி எழுதியிருக்கிறார்கள். வழக்குப் போடும்போதே, தம்மிடம் இருக்கும் சம்பந்தப்பட்ட தஸ்தாவேஜுகள் எல்லாவற்றையும் வாதி கொடுத்துவிட வேண்டும். தமக்குப் பாதகமாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். "வேறு எதுவும் என்னிடம் இல்லை" என்று சத்தியம் செய்ய வேண்டும். பிரதிவாதியும் அப்படியே. யாரும் கேட்க வேண்டியதில்லை.

இது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. நூல் வியாபாரி இன்னொரு நூல் வியாபாரி மீது வழக்குப் போட்டால் எல்லாக் காகிதமும் முதல் நாளே மேஜை மேல் வருகிறது. தங்கை அண்ணன் மீது வழக்குப் போட்டால் அவள் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். அவன் மழுப்ப வேண்டும். மறுபடி மனுப் போட வேண்டும். வாய்தா வாங்க வேண்டும். இது ஏன்?

வியாபாரிகள் இரண்டு பேரிடமும் கணக்குப் புத்தகம் இருக்கும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இருக்கும். குடும்ப வழக்கில்தான் காகிதம் எல்லாம் ஒருவர் கையிலேயே இருக்கும். சொல்லப்போனால் இந்த விதி முதலில் அங்கேதான் வந்திருக்க வேண்டும். பாகப்பிரிவினை வழக்கிலாவது இதைக் கொண்டுவர வேண்டும். சொத்துப் பட்டியல், பாங்கிக் கணக்கு, உயில், குத்தகைச் சீட்டு எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவர் பதில் மனுவோடு சேர்த்துச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்று வைத்தால், பாதி வழக்குகள் முதல் ஆண்டிலேயே சமரசத்துக்கு வரும். பைசன்ஸ் கம்பெனி, கடிதம் வெளியே வந்த அடுத்த மாதமே சமரசத்துக்கு வரவில்லையா?

சட்டம் திருந்தும் வரை தங்கைக்குப் பதினோராவது விதி இருக்கிறது. அவளுடைய வக்கீல் மனுவை எழுதிவிட்டார். ஒரு பக்கம் கேள்வி, ஒரு பக்கம் பதில், மூன்றாவது பக்கத்தில் "தொகை இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை" என்று எழுதியிருக்கிறது. அடியில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு கைநாட்டு வைத்தவள், இப்போது எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போடுகிறாள். கையெழுத்துப் போடும் முன் மூன்று பக்கத்தையும் விரல் வைத்துப் படித்துப் பார்க்கிறாள்.